மார்பில் படை வந்தால் டாக்டரிடம் எப்போது போவது?

கேள்வி: எனக்கு 46 வயது. மன்னார்குடி பக்கம் கிராமம். நடவு, களை வேலைக்குப் போகிறேன். இரண்டு மார்புக்கும் அடியில் சிவந்துபோய் அரிக்கிறது, எப்போதும் ஈரமாகவே இருக்கிறது. மெடிக்கலில் கொடுத்த ட்யூபைப் போட்டால் நாலு நாளில் அடங்குகிறது; விட்டால் திரும்ப வந்துவிடுகிறது. இப்போது வலது காம்பிலும் தோல் உரிகிறது. கட்டி எதுவும் தட்டுப்படவில்லை, வலியும் இல்லை. ஆஸ்பத்திரியில் காட்டக் கூச்சமாக இருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமா?

பதில்: மார்புக்கு அடியில் இருப்பதற்குக் கொஞ்ச நாள் பார்க்கலாம். காம்பில் உரிவதற்குப் பார்க்க வேண்டாம். இந்த வாரமே காட்டிவிடுங்கள். இரண்டையும் ஒரே படை என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். அவை வேறு வேறாக இருக்கலாம்.

முதலில் அடியில் வந்திருப்பது. சேற்றில் குனிந்து நாற்று நடுகிற பெண்கள் ரவிக்கை, புடவை, அதற்கு மேல் ஒரு முழுக்கைச் சட்டை என்று போட்டுக்கொள்கிறார்கள். உள்ளே வேர்த்த வேர்வைக்குப் போக இடம் கிடையாது. மடிப்பில் தோலும் தோலும் உரசிப் புண்ணாகி, அந்த ஈரத்தில் பூஞ்சை ஏறிவிடும். சிவந்த திட்டைச் சுற்றிச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் பெரும்பாலும் அதுதான். வட்டமாக, ஓரம் தடித்துப் பரவினால் படர்தாமரை.

வேலை முடிந்து வந்ததும் ஈர ரவிக்கையோடு அடுப்படிக்குப் போகாதீர்கள். குளித்து, மடிப்பைத் தேய்க்காமல் துணியால் ஒற்றி, நன்றாகக் காய்ந்த பிறகு உடுத்துங்கள். படுக்கும்போது மடிப்பில் மெல்லிய பருத்தித் துணியை வைத்துக்கொள்ளலாம். வாசனைப் பவுடர் வேண்டாம். க்ளோட்ரிமசோல் என்ற பூஞ்சை மருந்து மட்டும் உள்ள களிம்பைக் காலையிலும் இரவிலும் இரண்டு வாரம் போடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால், அல்லது அடங்கி மறுபடி வந்தால், டாக்டரிடம் போக வேண்டியதுதான். அப்படியே சர்க்கரையும் பாருங்கள். இந்தப் படை திரும்பத் திரும்ப வருவதைக் கொண்டே சர்க்கரை நோய் தெரியவருபவர்கள் பலர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்ப்பார்கள்.

மெடிக்கலில் கொடுத்த அந்த ட்யூபைப் பற்றித்தான் எனக்குப் பெரிய கவலை. பூஞ்சை மருந்தோடு பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டும் கலந்த ட்யூபுகள் சீட்டில்லாமலே கிடைக்கின்றன. நாலு நாளில் அரிப்பு நின்று, விட்டதும் திரும்புகிறது என்றால் உங்களுடையதும் அந்த வகையாக இருக்கலாம். சிவப்பும் அரிப்பும் அடங்கும், பூஞ்சை உள்ளே பரவிக்கொண்டிருக்கும், தோலும் மெலிந்துபோகும். பெட்டியில் உள்ள பெயரை யாரையாவது படிக்கச் சொல்லிப் பாருங்கள்.

இனி காம்பு. இரண்டு பக்கமும் அரித்து, காம்பைச் சுற்றிய கருவட்டத்தில் முதலில் தொடங்கினால் பெரும்பாலும் எக்ஸிமா என்ற தோல் அழற்சி. சோப்பு, உள்ளாடை எலாஸ்டிக், புதுத் துணிச் சாயம் எதுவும் காரணமாகலாம். ஒரு பக்கம் மட்டும், அதுவும் காம்பிலேயே தொடங்கி, உரிந்து, பொருக்குத் தட்டி, மெல்ல வெளியே பரவினால் பேஜெட் நோய் இல்லை என்று உறுதிசெய்தாக வேண்டும். 1874-இல் ஜேம்ஸ் பேஜெட் என்ற மருத்துவர் விவரித்தது இது; காம்பின் தோலில் தெரியும் ஒரு வகைப் புற்றுநோய். பார்க்கச் சாதாரணச் சொறி மாதிரிதான் இருக்கும். கட்டி கைக்குத் தட்டுப்படாமலே மார்புக்குள்ளும் புற்று இருக்கலாம். ஸ்டீராய்டு போட்டால் இதுவும் கொஞ்சம் ஆறியதுபோலக் காட்டும், அதனால்தான் பலருக்கு மாதக்கணக்கில் தள்ளிப்போகிறது. உங்களுக்கு இது எக்ஸிமாவாகவே இருக்கலாம். ஆனால் கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. மரத்துப்போக ஊசி போட்டு, துளித் தோலை எடுத்துப் பரிசோதிப்பார்கள், மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயும் எடுப்பார்கள்.

இதைவிட வேகமான ஒன்றும் உண்டு. சில வாரத்திலேயே ஒரு மார்பு வீங்கி, சிவந்து, சூடாகி, தோல் சாத்துக்குடித் தோல்போலக் குழிகுழியாகத் தெரிந்தால் அழற்சி வகை மார்பகப் புற்றாக இருக்கலாம். இதிலும் பல நேரம் கட்டி இருக்காது. சீழ்க்கட்டு என்று ஆன்டிபயாட்டிக் கொடுத்து ஒரு வாரத்தில் குறையாவிட்டால், அதே மாத்திரையைத் திரும்ப வாங்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

பால் கொடுக்கும் பெண்களுக்குப் பால் கட்டிச் சிவந்து, காய்ச்சலும் அடித்தால் அன்றைக்கே காட்டுங்கள். பால் வற்ற மல்லிகைப்பூ வைத்துக் கட்டச் சொல்வார்கள். இந்த நேரத்தில் வேண்டாம், பிள்ளைக்குத் தொடர்ந்து கொடுப்பதே நல்லது. ஒரு பக்கமாக முதுகிலிருந்து மார்பு வரை பட்டையாக எரிந்து கொப்புளம் வந்தால் அது அக்கி. காவி குழைத்து அக்கி எழுதிக்கொள்ளும் பழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. அதற்காகக் காத்திருந்து நாளைக் கடத்த வேண்டாம். வைரஸை அடக்கும் மாத்திரையைக் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். இரவில் அரிப்பு கூடி, வீட்டில் மற்றவர்களுக்கும் அரித்தால் சொறி சிரங்கு. எல்லாரும் ஒன்றாக மருந்து போட வேண்டும்.

கூச்சம் இயல்புதான். பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்கலாம். பார்க்கும்போது ஒரு பெண் செவிலியர் கூட இருக்க வேண்டும் என்றும் கேட்கலாம். உங்கள் ஊர் கிராம சுகாதாரச் செவிலியரிடம் முதலில் சொன்னால் பாதி பாரம் இறங்கும். மன்னார்குடி அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். அங்கிருந்து திருவாரூர் அல்லது தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினால் தயங்காமல் போங்கள். போகும்போது அந்த ட்யூபைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள், அதுவரை காம்பில் எதையும் தடவாதீர்கள். தோல் எடுத்தால் முடிவு வரச் சில நாள் ஆகும். அறுவடை, கல்யாணம் என்று அந்தத் தாளை வாங்கவே போகாமல் விட்டவர்கள் உண்டு. என்றைக்கு வர வேண்டும் என்பதைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.