முகமூடி செய்தவர்கள் யார்?

கேள்வி: புகைப்படக் கலைஞர் கௌரி கில் எடுத்த படங்களில் ஆதிவாசிகள் பாம்புத் தலையோடும் பறவைத் தலையோடும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஏழைகளுக்கு வேஷம் கட்டி, படம் பிடித்து, நியூயார்க்கில் மாட்டுவதற்குப் பெயர்தான் சர்ரியலிசமா (கனவுபோல் விசித்திரம் காட்டும் கலைப் பாணி)?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: வேஷம் கட்டியது யார் என்று விசாரிக்காமலே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். மகாராஷ்டிரத்தின் ஜவ்ஹார் வட்டாரத்தில் கோக்ணா, வார்லி ஆதிவாசி மக்கள் ‘போஹாடா’ என்றொரு விழா எடுக்கிறார்கள். தேவர்களும் அசுரர்களும் காகிதக்கூழ் முகமூடிகளில் ஆடிவருவார்கள். அந்த முகமூடிகளைச் செய்வதில் பெயர்பெற்றவர்கள் சுபாஷ் தர்மா கடூ, பக்வான் தர்மா கடூ என்ற சகோதரர்கள். (உங்கள் கேள்வியில் இவர்களுக்கு இடமில்லை, கவனித்தேன்.) இந்தச் சகோதரர்களிடம் கில் கேட்டது இதுதான்: இந்த முறை தெய்வங்கள் வேண்டாம், இன்றைய வாழ்க்கையில் இருப்பதைச் செய்து தாருங்கள். பல வயது மனிதர்கள், நவரசங்கள், மிருகங்கள், வீட்டில் மதிப்பாக வைத்திருக்கும் பொருள்கள் எல்லாம் முகமூடிகளாயின. ஊர்க்காரர்களே அவற்றை மாட்டிக்கொண்டு வீட்டிலும் கடையிலும் மருத்துவமனையிலும் தங்கள் அன்றாடத்தை நடித்தார்கள். 2015-இல் தொடங்கிய வரிசை இது.

படத்தை இன்னொரு முறை பாருங்கள். முகம் மறைந்ததும் நம் கண்ணுக்குப் போக்கிடம் இல்லை. கையைப் பார்க்கிறது, உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பார்க்கிறது, பின்னாலிருக்கும் சுவரைப் பார்க்கிறது. வெறும் முகத்தோடு எடுத்திருந்தால் ‘பாவம், ஏழை’ என்று அரை நொடியில் நகர்ந்திருப்போம். பாம்புத் தலையைப் பார்த்து அப்படிப் பரிதாபப்பட முடியவில்லையே!

ஆதிவாசிகளைப் படமெடுத்து அவமதித்த கதை வேண்டுமென்றால் 1868 முதல் 1875 வரை ஆங்கிலேய அரசு எட்டுத் தொகுதிகளாக வெளியிட்ட ‘இந்தியாவின் மக்கள்’ நூலைப் புரட்டுங்கள். இன்ன சாதி, இன்ன குணம் என்று முகங்களுக்குச் சீட்டு ஒட்டியிருப்பார்கள். அங்கே முகம் காட்டியவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஜவ்ஹாரில் எந்தத் தலையோடு தோன்றுவது என்பதே ஊர்க்காரர்களின் கைவேலை.

நியூயார்க் பற்றிய உங்கள் குத்தலை மட்டும் தள்ளிவிட மாட்டேன். 2017-இல் டாக்குமெண்டா என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சி, 2018-இல் நியூயார்க்கின் மோமா பிஎஸ்1 கலைக்கூடம் என்று இந்தப் படங்கள் பெரிய இடங்களுக்குப் போயின. ஒரு படம் விற்றால் காகிதக்கூழ் பிசைந்த கைகளுக்கு எவ்வளவு போகிறது? அதைக் கேட்டிருந்தால் நானும் உங்களோடு சேர்ந்து கேட்டிருப்பேன்.