கார் ஜெயித்ததா, ஓட்டியவர் ஜெயித்தாரா? 2,000 ரூபாய் கட்டும் முன் படியுங்கள்

கேள்வி: 2023 ஃபார்முலா 1 கார் பந்தய சீசனில் ரெட்புல் அணியின் காரை யார் ஓட்டியிருந்தாலும் ஜெயித்திருப்பார்கள் என்கிறார் என் மச்சான். அதை ஓட்டிய வெர்ஸ்டாப்பன் இல்லாவிட்டால் நடந்திருக்காது என்கிறேன் நான். இதற்கிடையே, ‘ஒரு கார் முந்திவிட்டால் அந்த சீசன் முழுக்க யார் ஜெயிப்பார் என்பது உறுதி’ என்று சொல்லி, ஜெயிப்பவர் மேல் பணம் கட்டுகிறவர்களிடம் ஒரு டெலிகிராம் குழு மாதம் 2,000 ரூபாய் வாங்குகிறது. மச்சான் சேர்ந்துவிட்டார், என்னையும் கூப்பிடுகிறார். சேரலாமா?
— வாசகர், திருச்சி

பதில்: சேராதீர்கள். மச்சானையும் இந்த மாதத்தோடு வெளியே கூட்டி வந்துவிடுங்கள். கார் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அது புரிந்தால் அந்தக் குழு எதை விற்கிறது என்பதும் புரிந்துவிடும்.

2023இல் 22 பந்தயங்களில் 21 ரெட்புல்லுக்குப் போயின. 1988இல் மெக்லாரன் 16க்கு 15 ஜெயித்த கணக்கையே அது தாண்டியது. மச்சான் இந்த எண்ணைத்தான் காட்டுவார். அதே அணியின் இன்னொரு கார் என்ன செய்தது என்று அவரிடம் கேளுங்கள். வெர்ஸ்டாப்பன் 19 வெற்றி, 575 புள்ளி. செர்ஜியோ பெரெஸ் 2 வெற்றி, 285 புள்ளி. 1988இல் மெக்லாரன் ஓட்டுநர்கள் சென்னா எட்டும் ப்ரோஸ்ட் ஏழுமாகப் பகிர்ந்துகொண்டார்கள். இங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை.

ஆனால் நீங்களும் முழுக்க ஜெயித்துவிடவில்லை. மொனாக்கோ தொடங்கி அடுத்தடுத்து ஐந்து பந்தயங்களில் பெரெஸ், புறப்படும் வரிசையை முடிவு செய்யும் தகுதிச் சுற்றின் கடைசிக் கட்டத்தையே எட்டவில்லை. அவ்வளவு தடுமாறியும் சாம்பியன்ஷிப்பில் இரண்டாம் இடம் அவருக்குத்தான். மூன்றாவதாக வந்த ஹாமில்டனுக்குக் கிடைத்தது 234. தடுமாறும் ஓட்டுநரையும் அங்கே கொண்டுபோய் நிறுத்துகிற கார் சாதாரணக் கார் இல்லை. என் தீர்ப்பு இதுதான்: சாம்பியன்ஷிப்புக்கு அந்தக் கார் போதும், 19 பந்தயத்துக்கு வெர்ஸ்டாப்பன் வேண்டும். இன்னொன்று, சனிக்கிழமைத் தகுதிச் சுற்றுகளில் அந்தக் கார் அப்படியொன்றும் எட்டாத உயரத்தில் இல்லை. 22 பந்தயங்களில் எட்டு முறை முதலிடத்திலிருந்து புறப்பட்டது வேறு அணியின் கார். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் டயரைத் தேயவிடாமல் ஓடியதுதான் அதன் பலம்.

இனி சிங்கப்பூர். அந்த ஒரே தோல்வியை ‘ஏதோ விபத்து’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தக் காரின் உயிர் அடித்தளத்தில் இருக்கிறது. அடியில் ஓடும் காற்றுதான் காரைச் சாலையோடு உறிஞ்சிப் பிடிக்கிறது; தரையை ஒட்டி ஓட ஓடப் பிடிப்பு கூடும். சிங்கப்பூர் பந்தயம் நடக்கும் மரினா பே மேடுபள்ளமான நகரச் சாலை. அங்கே காரைக் கொஞ்சம் தூக்கி வைக்காமல் முடியாது, தூக்கினால் பிடிப்பு போய்விடும். வெர்ஸ்டாப்பன் 11ஆம் இடத்திலிருந்தும் பெரெஸ் 13ஆம் இடத்திலிருந்தும் புறப்பட்டார்கள். முடிவில் ஐந்தாவது, எட்டாவது. முன்னால் ஓடிய ஃபெராரி ஓட்டுநர் சைன்ஸ், புது டயரோடு துரத்தி வந்த மெர்சிடிஸ்களைத் தடுக்க, தனக்குப் பின்னால் வந்த மெக்லாரன் ஓட்டுநர் நோரிஸை வேண்டுமென்றே ஒரு விநாடிக்குள் வைத்துக்கொண்டார். முன்னால் போகும் காருக்கு ஒரு விநாடிக்குள் இருப்பவர் தன் பின்னிறக்கையைத் திறக்கலாம் என்பது அப்போதைய விதி. நோரிஸின் பின்னிறக்கை திறந்தால் அவருக்கு வேகம் கிடைக்கும், மெர்சிடிஸில் வந்த ரசலால் அவரைத் தாண்ட முடியாது. கடைசி லேப்பில் நோரிஸ் சுவரை உரசினார், பின்னாலேயே வந்த ரசல் அதே சுவரில் மோதி நின்றார். சைன்ஸ் ஒரு விநாடிக்கும் குறைவான இடைவெளியில் ஜெயித்தார். வளையும் இறக்கைகளுக்கு எதிரான புது உத்தரவு அந்த வாரம் வந்ததால்தான் ரெட்புல் விழுந்தது என்று இன்றும் பேசுகிறார்கள். அடுத்த வாரமே சுசூகாவில் வெர்ஸ்டாப்பன் 19 விநாடி முன்னால் வந்தாரே, உத்தரவு அங்கேயும் இருந்ததே! ஒரு சாலையின் மேடுபள்ளம் அந்த சீசனின் மிகச் சிறந்த காரையே நடுவரிசைக்குத் தள்ளியது என்பதுதான் உண்மை.

‘சீசன் முழுக்க உறுதி’ என்பதற்கு 2024ஐப் பாருங்கள். முதல் பத்துப் பந்தயங்களில் ஏழை வெர்ஸ்டாப்பன் ஜெயித்தார். அதற்குப் பிறகு அடுத்த பத்தில் ஒன்றுகூட இல்லை. வருட முடிவில் அவர் சாம்பியன், அணிகளின் பட்டியலில் அவருடைய அணி மூன்றாம் இடம்.

குழுக்காரர்கள் வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் கார்கள் ஒரு லேப்புக்கு எடுத்த நேரங்களை அனுப்பி ‘டேட்டா’ என்பார்கள். அதில் ஏமாறாதீர்கள். 10 கிலோ எரிபொருள் கூடினால் லேப்புக்குச் சுமார் 0.3 விநாடி போகும். ஒருவர் 20 கிலோவோடும் இன்னொருவர் 60 கிலோவோடும் ஓடியிருந்தால் ஒரு விநாடிக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும், காரில் எந்த வித்தியாசமும் இல்லாமலே. யார் எவ்வளவு எரிபொருளோடு ஓடினார்கள் என்பதை அணிகள் சொல்வதில்லை. அதை வெளியிட வைக்க வேண்டிய, விதிகளை வகுக்கும் அமைப்பான எஃப்ஐஏ அணிகளின் ரகசியத்தைத்தான் காக்கிறது. பார்ப்பவர்களுக்கு உண்மையைக் கொடுக்காத இடத்தில்தான் இந்த மாதிரி ஆட்கள் கடை போடுகிறார்கள். எனக்கு இதில் உண்மையாகவே கோபம்.

அவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்பதை நேரிலேயே பார்த்தேன். என்னிடம் பயிற்சிக்கு வரும் இரண்டு பையன்கள் தங்கள் போனைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். ஒரே ஆள், ஒரே மாலை, ஒரே எழுத்துப்பிழை. ஒருவனுக்கு ‘வெர்ஸ்டாப்பன் கன்ஃபார்ம்’, மற்றவனுக்கு ‘லெக்லெர்க் கன்ஃபார்ம்’. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 800 பேரை நான்காகப் பிரித்து நான்கு பெயர் அனுப்பினால் 200 பேருக்குச் சரியாக வரும். அந்த 200 பேரையும் அடுத்த பந்தயத்துக்கு நான்காகப் பிரித்தால் 50 பேருக்கு இரண்டாம் முறையும் சரி. அந்த ஐம்பது பேர் கண்ணை மூடிக்கொண்டு 2,000 கட்டுவார்கள். ஒரு லட்சம் ரூபாய். காரைப் பற்றி அந்த ஆளுக்கு ஒன்றுமே தெரிந்திருக்க வேண்டியதில்லை. மச்சானுக்கு முதலில் இலவசமாக வந்த பெயர்கள் சரியாக இருந்தனவா என்று கேளுங்கள். இருந்தன என்றுதான் சொல்வார்.

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் சட்டம் போட்டே தடை செய்தார்கள். குழுக்கள் பெயரை மாற்றிக்கொண்டு ஓடுகின்றன. ஒன்றை மூடினால் இன்னொன்று முளைக்கிறது. அதனால் யாராவது பிடிப்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம். மச்சான் யுபிஐயில் ஆட்டோபே கொடுத்திருந்தால் இன்றே அந்தச் செயலிக்குள் போய் அதை ரத்து செய்யச் சொல்லுங்கள், குழுவிலிருந்து விலகினால் மட்டும் பணம் போவது நிற்காது. அனுப்பிய பணத்தின் ரசீதுகளையும் உரையாடல்களையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகு விலகுங்கள், பிறகு சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்.