வானொலியில் அறிவியல் செய்தி: கேள்விகளும் என் பதில்களும்

கோலாலம்பூரில் தமிழ் ஒலிபரப்புச் செய்திப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சுகாதாரம், சுற்றுச்சூழல், அறிவியல் எல்லாம் பெரும்பாலும் என் மேசைக்குத்தான் வரும். வந்த கேள்விகளில் சில.

அக்கா, எஸ்பிஎம் பள்ளி இறுதித் தேர்வு எழுதிவிட்டேன். இந்த வேலைக்கு உயிரியல் படிப்பதா, ஊடகத்துறையா? (மாணவி, கிள்ளான்)

உயிரியல் பிடித்திருந்தால் அதையே படிம்மா. ஒலிப்பதிவு, எடிட்டிங் எல்லாம் வேலையில் சேர்ந்து பழகிக்கொள்ளலாம். ஆய்வுக் கட்டுரையைத் திறந்ததும் எதை எதோடு ஒப்பிட்டிருக்கிறார்கள் என்று தேடும் கண் வரத்தான் நாளாகும். இன்னொன்று: நம் தமிழ்ச் செய்திப் பிரிவுகளில் அறிவியலுக்கென்று தனி நாற்காலி அபூர்வம். காலையில் நாடாளுமன்றம், மாலையில் வெள்ளம், நடுவில் கிடைக்கும் நேரத்தில் அறிவியல். மூன்று மொழியும் கைவசம் இருக்க வேண்டும். அமைச்சின் அறிக்கை மலாயில் வரும், ஆய்வு ஆங்கிலத்தில் இருக்கும், நேயர் தமிழில் கேட்பார்.

புகைமூட்டத்தில் எதிர் ஃபிளாட்டே தெரியவில்லை. நீங்களோ "மிதமான நிலை" என்று வாசிக்கிறீர்கள். யாரை ஏமாற்றுகிறீர்கள்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், செந்தூல்)

கோபம் நியாயம்தான் சார். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டில் 51 முதல் 100 வரை மிதம், 101-இலிருந்து ஆரோக்கியமற்ற நிலை, 300-ஐத் தாண்டினால் அபாயம். நுண்துகள்களைப் பொறுத்தவரை அந்த எண் கடந்த 24 மணி நேரத்தின் சராசரி. விடியற்காலையில் திடீரென்று புகை இறங்கினால், நேற்றைய நல்ல காற்றும் கணக்கில் சேர்ந்திருக்கும். எண் மெதுவாகத்தான் ஏறும். புகை கலைந்த பிறகும் சட்டென்று இறங்காது. எண்ணை வாசிப்பவர் இதையும் ஒரு வரி சேர்த்துச் சொல்ல வேண்டும். நேரமில்லை என்பது எங்கள் துறையின் பழைய சாக்கு.

கொசு விட்டால் டிங்கிக் காய்ச்சல் 40 விழுக்காடு குறையும் என்றீர்கள். எங்கள் தாமானில் (குடியிருப்பில்) விட்டார்கள், பக்கத்து வீட்டுக்காரர் மருத்துவமனையில் கிடக்கிறார். (இல்லத்தரசி, பூச்சோங்)

அது வொல்பாக்கியா என்ற பாக்டீரியாவைச் சுமக்கும் ஏடிஸ் கொசு. அந்தப் பாக்டீரியா உள்ளே இருந்தால் கொசுவின் உடம்பில் டிங்கி வைரஸ் பெருகத் திணறும். கோலாலம்பூர் வட்டாரத்தில் ஆறு இடங்களில் விட்டுப் பார்த்து, 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். அந்த 40, கொசு விடாத அதே மாதிரியான குடியிருப்புகளோடு ஒப்பிட்ட கணக்கு. அதாவது பத்துப் பேருக்கு வரவேண்டிய இடத்தில் ஆறு பேருக்கு வந்தது. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அந்த ஆறில் ஒருவராக இருக்கலாம். எதோடு ஒப்பிட்டு என்பதைச் செய்தி விழுங்கிவிட்டால், நேயர் "இனி டிங்கியே வராது" என்றுதான் எடுத்துக்கொள்வார்.

நிபுணர்களே தவறாகச் சொன்னால் செய்தியாளர் என்ன செய்வது? (இதழியல் மாணவர், ஜார்ஜ்டவுன்)

நல்ல கேள்வி தம்பி. நிப்பா வைரஸ் கதையைப் படித்துப் பாருங்கள். 1998-இன் பிற்பகுதியில் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைகளில் தொடங்கி, பிறகு நெகிரி செம்பிலானுக்குப் பரவியது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முதலில் கருதினார்கள். அது கொசுவால் பரவும் நோய், ஆகவே மருந்து அடித்தார்கள், தடுப்பூசியும் போட்டார்கள். ஆனால் நோயில் படுத்தவர்களில் பெரும்பாலோர் பன்றிகளோடு நேரடியாக வேலை செய்த ஆண்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சலோ அதிகமாகக் குழந்தைகளைத் தாக்குவது. பன்றிகளும் இருமிக்கொண்டிருந்தன. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் பிரித்தெடுத்த கிருமி புதியது என்று தெரியவந்தது. சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள். மலேசியாவில் 265 பேரைத் தாக்கி 105 உயிர்களைக் கொண்டுபோனது.

ஆய்வக முடிவை எதிர்த்துத் தீர்ப்புச் சொல்வது நம் வேலை அல்ல. ஆனால் யார் நோயில் படுக்கிறார்கள், ஒரே ஊரில் இருந்தும் யார் படுக்கவில்லை என்று பண்ணை வாசலில் நின்று கேட்கலாம். பதிலை அப்படியே ஒலிபரப்பலாம். "என்று சந்தேகிக்கப்படுகிறது" என்பதை "என்று உறுதியானது" ஆக்காமல் இருப்பதும் நம் கையில்தான். தலைப்புச் செய்தி எழுதுபவர் அதை மாற்றிவிடுவார், பார்த்துக்கொள்ளுங்கள்.

குரல் கணீரென்று இருக்க வேண்டுமா?

வேண்டாம். ஒரு வாக்கியத்தில் ஓர் எண்ணுக்கு மேல் வைக்காதீர்கள், போதும்.

இப்போதே பழக ஏதாவது வழி? (ஜெலுத்தோங்)

பக்கத்திலேயே யூஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) இருக்கிறது. முக்கா ஹெட்டில் அதன் கடல் ஆய்வு மையமும் உண்டு. ஓர் ஆய்வாளரிடம் அனுமதி கேட்டுப் பத்து நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். அதை 90 வினாடியாக வெட்டுங்கள். சமையலில் இருக்கும் அம்மாவுக்கு ஒரே ஒரு தடவை போட்டுக் காட்டி, என்ன புரிந்தது என்று கேளுங்கள். அவர் சொல்வதும் ஆய்வாளர் சொன்னதும் ஒத்துப்போகவில்லை என்றால் திரும்ப எழுதுங்கள்.

சம்பளம்?

மற்ற செய்தியாளர்களுக்கு என்னவோ அதேதான். அறிவியலுக்கென்று தனிப்படி கிடையாது. தீபாவளிக் காலையிலும் ஷிப்ட் விழும்.