நல்ல நம்பிக்கையென்றாலும் பிறர்மீது ஏன் திணிக்கக் கூடாது?

"உண்மையைத்தானே ஏற்கச் சொல்கிறோம், வற்புறுத்தினால் என்ன?" என்ற கேள்விக்கு ஸ்பெயினில் பதில் இருக்கிறது.

1492 மார்ச் 31 அன்று வந்த அரச ஆணை, கிறிஸ்தவ மதத்துக்கு மாறாத யூதர்கள் ஜூலை இறுதிக்குள் வெளியேற வேண்டும் என்றது. பொன், வெள்ளி கொண்டுபோகவும் தடை. பலர் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஆனால் பயத்தில் சொன்ன "நம்புகிறேன்" என்பதைச் சொல்லவைத்தவர்களே நம்பவில்லை. சிக்கலே இதுதான்: அதிகாரம் வாயைத்தான் வளைக்கும், மனதை அல்ல. ஆகவே மனதைத் துருவ வேவு தேவைப்பட்டது.

1478இலேயே அனுமதி பெற்றிருந்த மத விசாரணை மன்றம், மாறியவர்கள் ரகசியமாக யூத வழக்கங்களைப் பின்பற்றுகிறார்களா என்று பார்க்க அடுப்படிவரை போனது. யூதர்கள் அடுப்பு மூட்டாத ஓய்வுநாளான சனிக்கிழமை புகைபோக்கியில் புகை வரவில்லையா? அன்று வெளுத்த சட்டை போட்டாரா? யூதர்களுக்கு விலக்கான பன்றிக்கறியை ஒதுக்கினாரா? வேலைக்காரர்களும் சொந்தக்காரர்களும் சாட்சி சொன்னார்கள்; சொன்னது யாரென்று குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தெரிவிக்கமாட்டார்கள். பெற்ற பிள்ளையிடமே வாய்திறக்க அஞ்சும் நிலை அது. இந்தக் கொடுமை செய்தவர்கள், ஆன்மாவைக் காப்பாற்றுவதாகவே சொன்னார்கள். மன்றம் அடியோடு ஒழிந்தது 1834இல்தான்.