நின்றால் போய்விடும் நெஞ்சடைப்பு

கேள்வி: எனக்கு வயது 54. ஆறு மாதமாக வீட்டிலேயே உடற்பயிற்சி சைக்கிளில் தினமும் 40 நிமிடம் மிதிக்கிறேன். வெளியே போய் நடப்பதுதான் நல்லது என்கிறார்கள் நண்பர்கள். ஆனால் காலைக் குளிரில் மேடு ஏறும்போது நடு நெஞ்சில் வாயு அடைத்ததுபோல் இருக்கிறது. மாத்திரை போட்டுக்கொண்டு இரண்டு நிமிடம் நின்றால் சரியாகிவிடும். இணையத்திலும் வாயு என்றுதான் போட்டிருக்கிறது. வீட்டில் இந்தத் தொல்லை இல்லை. முழங்காலில் சொடக்குச் சத்தம், வைட்டமின் டி, சாலைப் புகை, வாட்ச் தினம் ஒன்றாகக் காட்டும் இதயத் துடிப்பு என்று வேறு கவலைகளும் உண்டு. வீட்டுப் பயிற்சி மட்டும் போதுமா?

பதில்: வீடா வெளியா என்பதை அப்புறம் பார்ப்போம். மேடு ஏறினால் வருகிறது, நின்றால் போகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை தருகிறது. உங்களுக்கும் உள்ளுக்குள் அந்தப் பயம் இருப்பதாகத்தான் நினைக்கிறேன். இல்லாவிட்டால் வெளியே நடப்பதையே விட்டிருக்க மாட்டீர்கள்.

முதலில் அந்த மாத்திரை. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை வயிற்றில் கரைந்து வேலையைத் தொடங்கவே இரண்டு நிமிடம் போதாது. உங்கள் நெஞ்சை இளக வைத்தது நீங்கள் நின்றதுதான். வயிற்று வாயுவுக்கு மேடு எது, சமதளம் எது என்று தெரியாது, இதயத்துக்குத் தெரியும். ரத்தம் கொண்டுவரும் தமனி கொழுப்புப் படிந்து சுருங்கியிருந்தால், உட்கார்ந்திருக்கும்போது வரும் ரத்தம் இதயத்துக்குப் போதும். மேடு ஏறும்போது கூடுதலாகக் கேட்கும், கிடைக்காது. அந்தத் தட்டுப்பாடுதான் இறுக்கமாக, பாரமாக, பலருக்கு வாயு அடைத்ததுபோலத் தெரிகிறது. நின்றவுடன் தேவை குறைகிறது, இறுக்கமும் போய்விடுகிறது. குளிர்காற்று பட்டால் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறும். இதயத்துக்கு வேலை இன்னும் கூடும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு நடந்தாலும் இப்படித்தான். இதற்கு ஆஞ்சைனா என்று பெயர். வில்லியம் ஹெபர்டன் என்ற மருத்துவர் 1768-இலேயே லண்டனில் இதை விவரித்துவிட்டார்: நடக்கும்போது, அதுவும் மேடேறும்போது பிடிக்கும், நின்றால் விட்டுவிடும் என்று.

வீட்டில் ஏன் வரவில்லை? இருக்கை உங்கள் எடையைத் தாங்குகிறது. குளிர்காற்று இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு திருகு இருக்கிறது. மிதிப்பது கொஞ்சம் கனத்தால் உங்களை அறியாமலேயே கை போய் அதைத் தளர்த்திவிடும். சாலையில் மேடு உங்களுக்காகத் தாழாது. அதனால் வீட்டில் வலி வரவில்லை என்பதை வைத்து இதயம் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். வலி தொடங்கும் அளவுக்குக் கீழேயே நீங்கள் மிதித்துக்கொண்டிருந்திருக்கலாம்.

"எங்கே வலிக்கிறது, காட்டுங்கள்" என்று நோயாளிகளிடம் கேட்பேன். ஒற்றை விரலால் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டுபவர்களைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை வராது. முஷ்டியை மடக்கி நடு நெஞ்சில் வைத்து, "இங்கே அப்படியே பிடிக்கிறது டாக்டர், வாயுதான்" என்பவர்களை உடனே படுக்க வைத்து ஈசிஜி எடுப்பேன். உங்கள் கை எங்கே போகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

உணவுக்குழாய்க் கோளாறும் இதேபோல வலியைத் தரலாம், உண்மைதான். ஆனால் இதயம் இல்லை என்று உறுதியான பிறகுதான் அந்தப் பேச்சு. அதை இணையம் சொல்ல முடியாது. இந்த வாரமே ஒரு மருத்துவரை நேரில் பாருங்கள். அதுவரை சைக்கிளும் வேண்டாம், மேடும் வேண்டாம். "இன்னொரு தடவை ஏறிப் பார்த்துவிடுவோமே" என்று சோதிக்கவே வேண்டாம். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையை யாரிடமாவது வாங்கிப் போட்டுப் பார்க்காதீர்கள்; ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம். படுத்த நிலையில் எடுத்த ஈசிஜி நார்மல் என்று வந்தாலும் அதோடு வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். உழைக்கும்போது மட்டும் வரும் தட்டுப்பாடு ஓய்வில் தெரியாமல் போகலாம். டிரெட்மில் சோதனையோ தமனிகளைக் காட்டும் ஸ்கேனோ தேவைப்படலாம்.

உட்கார்ந்திருக்கும்போதே இறுக்கம் வந்தாலோ, வழக்கத்தைவிடக் குறைந்த தூரத்திலேயே பிடித்தாலோ, நின்று பத்து நிமிடம் ஆகியும் விடாவிட்டாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, தாடைக்கோ கைக்கோ வலி பரவினாலோ காத்திருக்காதீர்கள். உடனே ஆம்புலன்ஸ். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகக் கூடாது.

மற்றவற்றைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வலியும் வீக்கமும் இல்லாத முழங்கால் சொடக்கைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். ஜன்னலோரம் சைக்கிள் மிதித்தால் வைட்டமின் டி கிடைக்காது. அதற்கு வேண்டிய கதிர்களைக் கண்ணாடி தடுத்துவிடும். குறைவு இருக்கிறதா என்பதை ரத்தப் பரிசோதனையில் பார்த்துக்கொள்ளலாம். புகைக்குப் பயந்தால் வண்டி குறைந்த தெருவில், நெரிசல் இல்லாத நேரத்தில் நடங்கள். வாட்சைக் கழற்றி வையுங்கள். பயிற்சியின்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. மிதமான வேகம் என்றால் அவ்வளவுதான்.

சரி, வீடா வெளியா? உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு, மிதமான பயிற்சி வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம். கூடவே இரண்டு நாளாவது தசைக்கு வலுத்தரும் பயிற்சி. அந்த நிமிடங்களை வீட்டுக்குள் செலவழித்தாலும் கணக்குதான். உங்கள் 280 நிமிடம், மிதமான வேகத்தில் இருந்தால், தாராளம். வெளியே நடந்தால் ஏற்ற இறக்கமும் திருப்பமும் சேர்ந்து உடலின் சமநிலையைப் பழக்கும், மனதுக்கும் நல்லது. இரண்டையும் கலந்து செய்யலாம். ஆஞ்சைனாவே என்றாலும் பயிற்சிக்கு முடிவு கட்டியதாகாது. தினமும் அரைமணி நேரம் மரம் அறுத்த ஒருவர் ஏறக்குறைய குணமடைந்ததை ஹெபர்டனே பதிவு செய்திருக்கிறார். எவ்வளவு, எப்போது என்பதை உங்களைப் பரிசோதித்த மருத்துவர் சொல்லட்டும்.

அவரிடம் போய் உட்கார்ந்ததும் "வாயுத் தொல்லை" என்று தொடங்கிவிடாதீர்கள். எவ்வளவு தூரம் நடந்தால் வருகிறது, நின்றால் எத்தனை நிமிடத்தில் போகிறது, முதலில் எப்போது வந்தது, வீட்டில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்ததா, சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் உண்டா என்பதையெல்லாம் இன்றே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் கொடுங்கள்.