கிளிநொச்சி டவுனுக்குப் பூச்சட்டி வேண்டாம், பிந்திய பஸ் வேண்டும்

கேள்வி: கிளிநொச்சி டவுனில் சின்னப் புடவைக்கடை வைத்திருக்கிறேன். பின்னேரம் ஆறு மணி தாண்டினால் ஒரு சனம் இல்லை. நல்ல உடுப்பு என்றால் எல்லோரும் யாழ்ப்பாணம் போகிறார்கள். டவுனை அழகுபடுத்த வேண்டும் என்று நாங்கள் கதைத்தால், அக்கராயனில் இருக்கும் அண்ணன், "எங்களுக்கு ஒழுங்கான ரோடே இல்லை, உங்களுக்குப் பூச்சட்டியா?" என்று சண்டைக்கு வருகிறார். கடையை அறிவியல்நகர்ப் பக்கம் மாற்றட்டுமா?

பதில்: தங்கச்சி, முதலில் அண்ணனோடு சமாதானமாகுங்கள். அவர் கேட்பது நியாயம், அது நடந்தால் உங்கள் கடைக்கும்தான் நல்லது.

கிளிநொச்சியில் வயல் முதல் வந்தது, கடை பிறகுதான் வந்தது. இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி 1930களில் குடியேற்றத் திட்டம் தொடங்கி, காடு வெட்டிக் கமம் செய்த சனத்துக்கு நெல் விற்கவும் சாமான் வாங்கவும் ஓர் இடம் தேவைப்பட்டதால் வளர்ந்த டவுன் இது. இன்றைக்கும் அப்படித்தான், காலபோகம் என்கிற பெரும்போக நெல் வெட்டி முடிந்து கையில் காசு புழங்குகிற மாசி, பங்குனியில் உங்கள் வியாபாரம் எப்படி, விதைப்புச் செலவு நெருக்குகிற ஐப்பசியில் எப்படி என்று கொப்பியைப் புரட்டினால் உங்களுக்கே தெரியும். ஏ9 வீதியில் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஓடுகிற வாகனக்காரர் முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டுக் கச்சான் வாங்குவார்கள், உங்கள் வாசலில் சேலை பார்க்க நிற்கமாட்டார்கள். உங்களிடம் வாங்குவது வட்டக்கச்சி, கனகபுரம், அக்கராயன், தருமபுரம் சனம்தான்.

அந்தச் சனம் ஏன் பின்னேரம் வருவதில்லை? வந்தால் திரும்பிப் போக பஸ் இல்லை. வயலிலும் கார்மென்ட்ஸிலும் வேலை முடிகிற நேரத்துக்கு டவுனிலிருந்து உள்ளே போகிற கடைசி பஸ்ஸும் போய்விட்டால், மோட்டார் சைக்கிள் இல்லாத வீட்டுக்காரி எப்படிக் கடைக்கு வருவாள்? அப்புறம் ஒரு லீவு நாளில் குடும்பமாக யாழ்ப்பாணம் போய் எல்லாவற்றையும் அங்கேயே வாங்கிக்கொண்டு வருகிறார்கள். அவர்களைக் குறை சொல்லாதீர்கள்.

பஸ் எங்கே நிற்கிறதோ அங்கேதான் வியாபாரம். வவுனியாவைப் பாருங்கள். 2017இல் புதிய பஸ் நிலையம் திறந்து, 2018 தொடக்கத்தில் பழையதை மூடியபோது, பழைய நிலையத்தைச் சுற்றியிருந்த கடைக்காரர்கள் வியாபாரம் படுத்துவிட்டது என்று குரல் எழுப்பினார்கள். இத்தனைக்கும் கடைகள் இருந்த இடத்திலேயே இருந்தன, சனம் இறங்குகிற இடம்தான் மாறியது.

இன்னொன்று, கிளிநொச்சிக்கென்று தனி நகரசபை கிடையாது. உங்கள் டவுனும் அண்ணனின் அக்கராயனும் ஒரே கரைச்சிப் பிரதேச சபைக்குள்தான் வருகின்றன. ஒரே பெட்டிக் காசுக்கு இரண்டு பேரும் அடிபட்டால் யாருக்கும் ஒன்றும் கிடைக்காது, சேர்ந்து கேட்டால் தட்டிக்கழிப்பது கஷ்டம். ஏ9 ஓரத்தில் பூச்சட்டி வைப்பதற்குக்கூட வீதி அபிவிருத்தி அதிகார சபையைக் கேட்க வேண்டும், அதற்காக அலையாதீர்கள். வர்த்தகர் சங்கத்தையும் அண்ணனின் கமக்கார அமைப்பையும் ஊர் மாதர் சங்கத்தையும் கூட்டி, ஒரே கடிதத்தில் கையெழுத்து வைத்து, இரவு எட்டு மணிக்கு அக்கராயனுக்கு ஒன்று, வட்டக்கச்சிக்கு ஒன்று என்று இரண்டு பஸ் கேளுங்கள். தனியார் பஸ் என்றால் மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபை, அரச பஸ் என்றால் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் டிப்போ. பிரதேச சபையிடம் கேட்க வேண்டியது சந்தைப் பக்கம் வெளிச்சமும், பெண்கள் கூசாமல் போகக்கூடிய மலசலகூடமும். அண்ணனின் ரோட்டையும் அதே கடிதத்தில் எழுதுங்கள், ரோடு பள்ளமாகக் கிடந்தால் எந்த பஸ்காரர் இரவில் உள்ளே போவார்?

கடையை மாற்றுவது பற்றி: இப்போது வேண்டாம். அறிவியல்நகரில் கம்பஸ் பிள்ளைகளும் கார்மென்ட்ஸ் பிள்ளைகளும் நிறைய இருப்பது உண்மை, ஆனால் கம்பஸ் லீவு விட்டால் பாதிச் சனம் இருக்காது, கார்மென்ட்ஸ் பிள்ளைகள் பலர் வேலை முடிந்த கையோடு கம்பனி பஸ்ஸில் ஏறி ஊருக்குப் போய்விடுவார்கள். சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிறுகளில் மட்டும் அங்கே ஒரு மேசை போட்டு விற்றுப் பாருங்கள். வருகிற காலபோக அறுவடை முடியும்வரை இரண்டு இடத்துக் கணக்கையும் தனித்தனியாக எழுதி வைத்துவிட்டு, பங்குனியில் எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள்.