‘பர்ஸ்யூ’ என்ற ஆங்கில வினைக்குப் பதிலாக ‘சேஸ்’, ‘சீக்’, ‘ஃபொலோ’ என்பவற்றை எழுதலாமா?

நீங்கள் கேட்டவை இரண்டு. அகராதி ‘பர்ஸ்யூ’ என்ற வினைக்கு நேரே வரிசையாகத் தருகிற ‘சேஸ்’, ‘சீக்’, ‘ஃபொலோ’, ‘ஹன்ட்’ முதலிய சொற்களை ஒன்றுக்கொன்று மாற்றி எழுதலாமா என்பது ஒன்று. பல்கலைக்கழக அனுமதிக்கான கடிதத்தில் எதை எழுதுவது என்பது மற்றது. கிளிநொச்சியில் உயர்தர மாணவருக்கு ஆங்கிலம் கற்பிப்பவன் என்ற வகையில் இந்தக் குழப்பத்தை விடைத்தாள்களில் அடிக்கடி காண்கிறேன். முதலாவதற்கு என் பதில், பெரும்பாலும் முடியாது என்பதே. நாம் பின்தொடர்வது எது, அது எங்கே இருக்கிறதென்று நமக்குத் தெரியுமா, அதை எதற்காகத் தொடர்கிறோம் என்பவற்றைப் பொறுத்தே சொல் மாறுகிறது.

வன்னியில் நாம் சொல்லும் ‘கலைத்தல்’ என்ற சொல்லில் எதிரெதிரான இரண்டு செயல்கள் அடங்கியிருக்கின்றன. நாய் முயலைக் கலைக்கிறது என்றால் பிடிப்பதற்காகப் பின்னால் ஓடுகிறது என்று பொருள். வயலுக்குள் இறங்கிய யானையை வெடி கொளுத்திக் கலைத்தோம் என்றால் அது திரும்பிக் காட்டுக்குப் போகட்டும் என்று விரட்டினோம் என்று பொருள். ‘சேஸ்’ இவ்விரண்டுக்கும் இடங்கொடுக்கும். ஆனால் விரட்டுகிற பொருள் தெளிவாக வரவேண்டுமானால் அதனுடன் ‘அவே’ அல்லது ‘ஓஃப்’ சேர வேண்டும். ‘பர்ஸ்யூ’வுக்கோ அப்பால் அனுப்புகிற பொருள் அறவே இல்லை. நெடுங்கேணிப் பக்கத்து வயற்காவலைப் பற்றிய கட்டுரையில் ‘தி ஃபார்மர்ஸ் பர்ஸ்யூட் தி எலிஃபன்ட்’ என்று ஒரு மாணவர் எழுதினால், விவசாயிகள் யானையைப் பிடிப்பதற்காக அதன் பின்னாலேயே காட்டுக்குள் போய்விட்டார்கள் என்றுதான் வாசிப்பவர் எடுத்துக்கொள்வார். அங்கே ‘ட்ரோவ் ஓஃப்’ அல்லது ‘சேஸ்ட் அவே’ என்று வரவேண்டும். ‘ஹன்டட்’ என்று எழுதினால் வனசீவராசிகள் திணைக்களத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய கதையாகிவிடும்.

‘பர்ஸ்யூ’ முன்னோக்கித் தொடர்தல் என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. குற்றவழக்குத் தொடுப்பதைக் குறிக்கும் ‘ப்ரொசிகியூட்’ என்பதும் அதே வேரிலிருந்து வந்ததுதான். ஸ்கொட்லாந்தின் குடியியல் வழக்குகளில் வழக்காளியை இன்றும் ‘பர்ஸ்யூவர்’ என்றே அழைக்கிறார்கள். தமிழிலும் நாம் வழக்கைத் தொடர்கிறோம் என்பதால் இது நமக்கு அந்நியமான எண்ணம் அல்ல. இலக்கு, கொள்கை, தொழில், பட்டம், வழக்கு, விசாரணை என முடிவை மனத்தில் வைத்து நீண்ட காலம் விடாமல் செய்கிற காரியங்களுடன் இந்த வினை இயல்பாகப் பொருந்துவதற்கு அந்தப் பழைய பொருளே காரணம். 1776ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனம் மகிழ்ச்சியை நாடுவதை மனிதரின் உரிமைகளுள் ஒன்றாகக் குறித்தபோது கையாண்டதும் இதன் பெயர்ச்சொல்லான ‘பர்ஸ்யூட்’ என்பதையே.

‘தேடுதல்’ என்ற நம் சொல்லை ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் மிகுந்த கவனம் தேவைப்படுகிறது. காணாமற்போன மாட்டைத் தேடுவது ‘லுக் ஃபோர்’. அங்கே ‘சீக்’ என்று எழுதினால் பழைய செய்யுள் போல ஒலிக்கும். ‘சேர்ச்’ என்பதை ‘ஃபோர்’ இல்லாமல் எழுதினால், அடுத்து வருவது சோதனைக்கு உள்ளாகும் இடமாகவோ ஆளாகவோ ஆகிவிடும். சுற்றிவளைப்பில் வீட்டுக்குள் நுழைந்து அலுமாரியைக் கிளறியது அந்தத் தேடுதல்; சோதனைச் சாவடியில் பையையும் உடலையும் தடவிப் பார்த்ததும் அதுவே. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடங்கிய போராட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுத முற்படுகிற ஒருவர், ‘ஃபோர்’ என்ற அந்தச் சிறு சொல்லை விட்டுவிட்டால், தாய்மார் தம் பிள்ளைகளின் உடலைச் சோதனையிடுகிறார்கள் என்ற கொடுமையான பொருள் வந்துவிடும். அவர்கள் பிள்ளைகளைத் தேடுவது ‘சேர்ச் ஃபோர்’. உண்மையையும் நீதியையும் கோருவது ‘சீக்’. ஆட்கொணர்வு மனுவைத் தாக்கல் செய்து தவணைக்குத் தவணை நீதிமன்றம் போய்வருவது ‘பர்ஸ்யூ’. ஒரே தாய் செய்கிற மூன்று காரியங்கள் இவை. மூன்றுக்கும் ஒரே வினையை எழுதுவது மொழிப்பிழை என்பதைவிடச் செய்தியைத் திரிப்பது என்றே சொல்வேன்.

‘சீக்’ பெரும்பாலும் கேட்டுப் பெற வேண்டியவற்றுக்கு உரியது: அனுமதி, ஆலோசனை, புகலிடம், நிவாரணம். தமிழில் ‘நாடுதல்’, ‘கோருதல்’ என்று வருகிற இடங்களில் அது பெரும்பாலும் சரியாக அமையும். இக்கால எழுத்தில் அதன் பின் ‘ஃபோர்’ சேர்ப்பது அருகிவிட்டது, இறந்தகாலம் ‘ஸோட்’.

இலங்கையில் ‘ஒரு கோர்ஸ் ஃபொலோ பண்ணுகிறேன்’ என்று பேசுவதும் அதையே ஆங்கிலத்தில் எழுதுவதும் பிழையல்ல. ஆனால் அது நடந்துகொண்டிருக்கிற வகுப்பைச் சொல்கிறது, ‘பர்ஸ்யூ’ அடைய விரும்புகிற பட்டத்தைச் சொல்கிறது. பிரதேச செயலகத்துக்குக் காணி தொடர்பாக எழுதும் கடிதங்களிலும் இவ்வாறே, கொடுத்த விண்ணப்பம் எந்த நிலையில் உள்ளது என்று விசாரிப்பது ‘ஃபொலோ அப்’, உரிமை கிடைக்கும்வரை விடயத்தைக் கொண்டுசெல்வது ‘பர்ஸ்யூ’.

உங்கள் கடிதத்துக்கு இரண்டு வினைகளும் தேவை. அனுமதியைக் கோரும் வரியில் ‘சீக் அட்மிஷன்’ என்றும், விவசாயப் பட்டம் படிக்க விரும்புவதைச் சொல்லும் வரியில் ‘ஐ விஷ் டு பர்ஸ்யூ எ டிகிரி இன் அக்ரிகல்ச்சர்’ என்றும் எழுதுங்கள். ‘பர்ஸ்யூ’வுக்குப் பின் ‘ஆஃப்டர்’, ‘ஃபோர்’ எதுவும் வேண்டாம். எழுத்துக்கூட்டலில் இரண்டாவது எழுத்து ‘யூ’. உச்சரிப்பை நம்பி அங்கே ‘ஈ’ போடுபவர்கள் ஏராளம்.